திற்பரப்பா, மாத்தூரா, சிதறாலா: குழித்துறையில் ஒரு நாள் கிடைத்தால் எங்கே போவது?

கல்யாணத்துக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ வந்து ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "திற்பரப்பு அருவிக்குப் போங்க" என்பதுதான். எந்த மாதம், என்ன கிழமை, கூட வருகிறவர்கள் யார் என்று கேட்காமல் இந்தப் பதிலைச் சொல்லவே கூடாது என்பது என் கட்சி. வருடத்தில் பாதி நாட்களுக்கு மேல் மாத்தூர் தொட்டிப்பாலமும் சிதறால் மலையும் திற்பரப்பைவிட நல்ல நாளைக் கொடுக்கும்.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். குழித்துறைப் பாலத்துக்கு அடியில் ஓடுவதும் தாமிரபரணிதான், ஆனால் நெல்லைத் தாமிரபரணி இல்லை, இது வேறு ஆறு. பேச்சிப்பாறை அணை வழியாக வருகிற கோதையாறும் பெருஞ்சாணி அணை வழியாக வருகிற பறளியாறும் திருவட்டாறு பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைத் தாண்டி, தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. திற்பரப்பு இருப்பது கோதையாற்றில். மாத்தூர் பாலம் நிற்பது பறளியாற்றுக்கு மேலே. சிதறால் மலையில் ஏறினால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆறு வளைந்து போவது தெரியும். ஆக, எங்கே போனாலும் பார்க்கப் போவது இந்த ஒரே தண்ணீரைத்தான். அணையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நாளும் அமையும்.

சரி, திற்பரப்பு. குளிக்க வேண்டும் என்றால் இதற்கு இணை இந்தப் பக்கத்தில் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். சுமார் ஐம்பது அடி உயரம்தான், குற்றால மெயினருவி மாதிரி தலையில் இடிப்பதில்லை. அகலமாகப் பரந்து பாறையைத் தழுவி இறங்குவதால் வயதானவர்களும் பயமில்லாமல் நிற்கலாம். குழந்தைகளுக்குத் தனியாக நீச்சல் குளம் உண்டு. அருவிக்கு மேலே ஆற்றுப் படுகை முழுக்க ஒரே பாறை, அதற்கும் மேலே பாசனத்துக்குக் கட்டிய தடுப்பணை, அங்கே தேங்கி நிற்கிற தண்ணீரில் படகுச் சவாரி. கூட்டம் அருவியிலேயே நின்றுவிடுவதால், அருவியைவிட அந்தப் படகுத்துறைப் பக்கம்தான் எனக்குப் பிடிக்கும். பக்கத்திலேயே மகாதேவர் கோயில், சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவது. மகாசிவராத்திரியை ஒட்டி இங்கே இருந்தால், கையில் விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு முஞ்சிறையிலிருந்து ஓடி வருகிறவர்களைக் கட்டாயம் பாருங்கள், சிவன் கோயில்களுக்கு விஷ்ணு நாமம் சொல்லி ஓடுகிற அந்த வழக்கத்தை வேறு எங்கே பார்ப்பீர்கள்?

ஆனால் திற்பரப்பில் மூன்று சிக்கல் உண்டு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் கன்னியாகுமரியோடு திற்பரப்பையும் சேர்த்துக்கொள்வதால் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. நல்ல மழையில் பேச்சிப்பாறையிலிருந்து உபரி நீரைத் திறந்துவிட்டால் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அவ்வளவு தூரம் போய் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்புறம் மார்ச் கடைசியிலிருந்து மே வரை, கோடை மழை கைகொடுக்காவிட்டால், பாறைதான் அதிகம் தெரியும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் திற்பரப்புக்கு இரண்டு நல்ல காலங்கள்: ஜூன் மழை கொஞ்சம் ஓய்ந்த ஜூலை, ஆகஸ்ட், பிறகு சபரிமலைக் கூட்டம் வடிந்த ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். அதிலும் வார நாளில், காலையிலேயே போய்விட வேண்டும். கிளம்புவதற்கு முன் குளிக்க அனுமதி இருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிடுங்கள், உள்ளூர்ப் பத்திரிகைகளில் தவறாமல் வரும்.

மாத்தூர் வேறு ரகம். அங்கே குளிக்கப் போவதில்லை, நடக்கப் போகிறோம். காமராஜர் ஆட்சிக் காலத்தில் திட்டமிட்டு 1966-இல் கட்டி முடித்த பாலம். பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குக் கொண்டுபோய் கல்குளம், விளவங்கோடு பகுதி வயல்களுக்குக் கொடுப்பதற்காக, பள்ளத்தாக்கின் குறுக்கே 28 தூண்களை நிறுத்தி, மேலே ஒரு சிமெண்ட் தொட்டியை 1240 அடி நீளத்துக்கு வைத்திருக்கிறார்கள். உயரம் 115 அடி. தொட்டியை ஒட்டிய நடைபாதையில் நடு வரைக்கும் போய் நின்று கீழே பாருங்கள். ஒரு பக்கம் ரப்பரும் தென்னையும் மூடிய பள்ளம், கீழே பறளியாறு, காலுக்குப் பக்கத்தில் தொட்டிக்குள் வாய்க்கால் சலசலவென்று ஓடுகிறது. ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு ஓடுவதைப் பார்க்கிறீர்கள். மின்சாரமோ பம்போ கிடையாது, சரிவை மட்டும் நம்பி இத்தனை வருடமாகத் தண்ணீர் தாண்டிப் போகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் அனுப்பக் கூடாது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இதிலும் மாதம் முக்கியம். பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணையைத் திறந்து பிப்ரவரி கடைசியில் மூடுவார்கள். மூடியிருக்கிற மார்ச் முதல் மே வரை தொட்டி பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், பாலத்தின் உயிரே அந்த ஓட்டத்தில் இருப்பதால் கோடையில் அதன் அழகு பாதிதான். ஆனாலும் கோடை மாலையில் அந்த உயரத்தில் வீசுகிற காற்றுக்காகவே போகலாம். உயரத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்கிறவர்களை வற்புறுத்தி நடுப்பாலத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். அவர்கள் படியில் இறங்கிக் கீழே போய் தூண்களை அண்ணாந்து பார்க்கட்டும், அங்கிருந்து பார்க்கும்போதுதான் உயரம் உண்மையில் உறைக்கும். படிகள் நிறைய, முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருக்கட்டும். கீழே பாறைகள் வழுக்கும், ஆற்றில் இறங்குகிற யோசனையே வேண்டாம். திருவட்டாறிலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம், அப்படி வந்தால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிதறால் மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் போல. அருவியும் இல்லை, படகும் இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கல் பாவிய பாதையில் மெதுவாக ஏறினால், மேலே தொங்குகிற பெரும்பாறைக்கு அடியில் இயற்கையாக அமைந்த குகை, அதன் பக்கப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்பங்கள். வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் சமணர் படித்த, தவம் செய்த இடம், பிறகு பகவதி கோயிலானது, ஆனாலும் பழைய சிற்பங்கள் அப்படியே இருக்கின்றன. பாறையில் ஒரு சுனை. மேலே நின்றால் நாலாப் பக்கமும் பச்சை, தூரத்தில் மலைத்தொடர். மழை விட்ட மறுநாள் காலையில் போனால் இன்னும் நல்லது. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே கொண்டு போங்கள். சிற்பங்களைத் தொடுவதும் பெயர் கிறுக்குவதும் மட்டும் வேண்டாம், ஆயிரம் வருடத்துக்கு மேல் தாங்கி நிற்கிறது.

பேச்சிப்பாறை அணையைப் பலர் நாலாவதாகச் சேர்ப்பார்கள். 1906-இல் முடிந்த அணை, கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது, போகிற வழியெல்லாம் ரப்பர் தோட்டம். தனியாக அதற்கென்று ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை, திற்பரப்புக்குப் போனால் தொட்டுவிட்டு வரலாம்.

கடல் வேண்டும் என்கிறவர்களுக்குத் தேங்காப்பட்டணம். இதே ஆறு கடலில் சேருகிற பொழிமுகம், மீன்பிடித் துறைமுகம், சாயங்காலம் உட்காரப் பொருத்தமான இடம். திற்பரப்பில் குளிக்க முடியாத ஏமாற்றத்தில் வருகிறவர்கள்தான் இங்கே ஆபத்தில் மாட்டுவார்கள் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்: பார்க்க மட்டும் போங்கள், இறங்காதீர்கள். நம் மேற்குக் கரையில் காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் வருகிற பேரலை, ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கடலோரத்து மீனவர்கள் இறங்காதே என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

சேர்த்துப் பார்க்க நினைத்தால் காலையில் சிதறால், மதியம் மார்த்தாண்டத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், வெயில் தாழ்ந்ததும் மாத்தூர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அலைச்சல் குறைவு. சிறு பிள்ளைகள் தண்ணீருக்கு அடம் பிடித்தால் மாத்தூரை விட்டுவிட்டுத் திற்பரப்பு. ஆடி அமாவாசையை ஒட்டி வந்திருந்தால் அந்த நாளைக் குழித்துறைக்கே கொடுங்கள், காலையில் ஆற்றங்கரையில் பலி தர்ப்பணமும் சாயங்காலம் வாவுபலி பொருட்காட்சியுமாக ஊரே அங்கேதான் இருக்கும். திரும்பும்போது புவிசார் குறியீடு வாங்கிய மார்த்தாண்டம் தேனும் ஒரு சீப்பு மட்டிப் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். மட்டி நன்றாகப் பழுத்தால் நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது, ரயிலில் தூரம் போகிறவர்கள் கொஞ்சம் காயாகப் பார்த்து எடுங்கள்.