காம்பவுண்ட் வில்லுல அம்பு வேகம்: வெரசா போறதையும் பைய போறதையும் வருஷக்கணக்கா அடிச்சுப் பாத்த அனுபவம்

வில்லு வாங்கணும்னு வர்ற பயலுவ எல்லாம் மொதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணாச்சி, இது எத்தன எஃப்பிஎஸ் போவும்?" எஃப்பிஎஸ்னா அம்பு ஒரு செகண்டுக்கு எத்தன அடி போவுதுங்குற கணக்கு. பிடி கைக்கு ஒத்து வருமா, டிரா லெங்த் (நாண இழுக்குற நீளம்) நமக்கு சரியா இருக்குமான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நான் நாலஞ்சு வருஷமா ஒரே காம்பவுண்ட் வில்ல (ரெண்டு நுனியிலயும் கேம்னு ஒரு சக்கரம் வெச்சது) வெச்சுக்கிட்டு, வெரசா போற லேசான அம்பையும் பைய போற கனமான அம்பையும் மாத்தி மாத்தி அடிச்சுட்டு இருக்கேன், அதுல எனக்குப் பட்டத சொல்லுதேன். பொறுமையா படிக்க முடியாதவங்களுக்கு இங்கயே சொல்லிருதேன், தூரம் தெரியாத எடத்துல வேகம் கொஞ்சம் கை குடுக்கும், தூரம் தெரிஞ்சு போச்சுன்னா அந்த வேகத்துக்காக நாம விட்டுக் குடுக்குறதுதான் ஜாஸ்தி.

ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிருதேன். நம்ம பக்கம் வில்லு வேட்டைங்குற பேச்சே கிடையாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அந்தப் பக்கம் மலை முழுக்க களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கடையம், பாவநாசம் பக்கமெல்லாம் பன்னி வாழைய ஒழக்கி விடுது, நெல்ல மிதிச்சுப் போடுதுங்குறது உண்மதான், அதுக்காக நாம வில்லத் தூக்கிட்டுப் போவ முடியாது, அது ஃபாரஸ்ட்காரங்க சோலி. நான் அடிக்கிறது ஃபோம்ல செஞ்ச மான், பன்னி பொம்மைய, அப்புறம் 50 மீட்டர் அட்டைய. வேட்டை சம்பந்தமா கீழ வர்றதெல்லாம் டெக்சாஸ்ல இருக்குற எங்க அத்தான் சொன்னது, அங்க காட்டுப்பன்னிக்கு சீசனும் கிடையாது, எத்தனன்னு கணக்கும் கிடையாது, அவரு வருஷம் பூரா போயிட்டுத்தான் இருக்காரு.

மொதல்ல இந்த டப்பா மேல போட்டிருக்குற நம்பர். எங்க வில்லுல 340ன்னு போட்டிருந்துச்சு. அது ஐபிஓங்குற அமெரிக்க வில்வேட்டை அமைப்போட கணக்குல உள்ள வேகம், அதாவது 70 பவுண்டு இழுவை, 30 இஞ்சு டிரா லெங்த், 350 கிரெயின் எடையுள்ள அம்பு, இந்த மூணும் சேந்தா வர்ற நம்பர். பைக் கம்பெனிக்காரன் சொல்லுற மைலேஜ் மாதிரின்னு வெச்சுக்கோங்க. நம்ம ஆளுங்க ஒடம்புக்கு 30 இஞ்சு டிராவெல்லாம் ரொம்ப உயரமானவங்களுக்குத்தான் வரும், எனக்கு 28. ஒரு இஞ்சு கொறஞ்சா சுமாரா 10 எஃப்பிஎஸ் போயிரும். இழுவை நான் வெச்சிருக்கது 55 பவுண்டு. நாண்ல பீப் (குறி பாக்குற ஓட்டை) கட்டுனா, டி-லூப் (ரிலீஸ் மாட்டுற கயிறு) போட்டா அதுவும் கொஞ்சம் தின்னும். கடைசியில 400 கிரெயின் அம்ப வேகம் அளக்குற க்ரோனோகிராஃப்ல விட்டப்ப 265 பக்கத்துலதான் வந்து நின்னுச்சு. வில்லுல கோளாறு ஒண்ணும் இல்ல, கணக்கே அதான். ஆனா இத யாரும் விக்கும்போது சொல்லுறதில்ல, வாங்குனவன் வீட்டுக்குப் போயி அளந்து பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஃபோன் பண்ணுவான்.

இப்ப அந்த ரெண்டு அம்பு. லேசானது 330 கிரெயின், அதாவது 21 கிராம் சொச்சம், எங்கிட்ட 288 எஃப்பிஎஸ் போவுது. கனமானது 470 கிரெயின், 30 கிராம் வரும், முன்னாடி கனமான பாயிண்ட் (முனை) போட்டது, 250 போவுது. ரெண்டுக்கும் நடுவுல 38 எஃப்பிஎஸ் வித்தியாசம். கேக்க பெருசாத்தான் இருக்கு. ஆனா சக்தி கணக்கு போட்டா லேசான அம்புக்கு 61 ஃபுட் பவுண்டு பக்கம், கனமான அம்புக்கு 65. வெரசா போறதுக்குத்தான் சக்தி கம்மி! ஏன்னா லேசான அம்பு வில்லு குடுக்குற சக்திய முழுசா வாங்கிக்கிடாது, மிச்சம் அப்படியே லிம்புலயும் (வில்லோட வளையுற பாகம்) நாண்லயும் அதிர்வா, சத்தமா நிக்கும். உந்தம் பாத்தா இன்னும் மோசம், கனமானதுக்கு கிட்டத்தட்ட கால்வாசி ஜாஸ்தி. இதெல்லாம் பேப்பர்ல இல்ல, கையிலயே தெரியும். 330 விட்டா "டப்"புன்னு ஒரு சத்தம், பிடிச்ச கை அதிரும், 470 விட்டா ஒரு மாதிரி அமுங்குன சத்தந்தான், பக்கத்துல பேசிட்டு இருக்குறவன் திரும்பிப் பாக்க மாட்டான். இன்னும் லேசா போலாமான்னு கேக்காதீங்க, இழுவையில ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழ போனா வெறும் நாணை இழுத்து விட்ட கணக்குத்தான், லிம்பு வெடிச்சாலும் வாரண்டி கிடையாது.

சரி, வேகம் எங்க ஒதவுச்சுன்னா, ஃபோம் பொம்மைய அடிக்கிற 3டி போட்டி மாதிரி அடிக்கிறப்ப. இதுல காம்பவுண்டுக்கு 45 மீட்டர் வரைக்கும் வெப்பாங்க, தூரம் சொல்ல மாட்டாங்க, தூரம் அளக்குற ரேஞ்ச்ஃபைண்டரும் கொண்டு போவக் கூடாது, கண்ணால மதிச்சுத்தான் அடிக்கணும். நாங்க தெசயன்வெள பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஓரமா ஒரு தெரிஞ்சவரு வெளையில அத மாதிரி வெச்சுப் பழகுதோம், உடை மரமும் வடலியுமா இருக்கும், செம்மண்ணுல தூரம் மதிக்கிறது ரொம்ப ஏமாத்து வேல, பக்கத்துல இருக்குறது தூரமாத் தெரியும், தூரத்துல உள்ளது பக்கமா வந்து நிக்கும். காத்துத் தடைய விட்டுட்டு கணக்கு போட்டா, 45 மீட்டர்ல நிக்கிற பன்னிய 40ன்னு நெனச்சு அடிச்சா லேசான அம்பு 14 சென்டிமீட்டர் கீழ போவும், கனமானது 19 போவும். அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம். பொம்மையில அது உள் வட்டமா வெளி வட்டமாங்குற வித்தியாசம், அதனால 3டிக்கு மட்டும் நான் இன்னிக்கும் லேசான அம்பத்தான் எடுத்துட்டுப் போறேன். ஆனா 36ன்னு நெனச்சது 40ஆ இருந்தா வித்தியாசம் மூணு சென்டிமீட்டர் சொச்சந்தான், அந்த அளவுக்கு என் கையே ஆடும், அம்பக் கொற சொல்லி என்ன செய்ய.

ஒரு சின்ன கஷ்டம், தேரியில தவறிப் போன அம்பு கெடைக்காது. மணலுக்கு அடியில சாஞ்சாப்புல புகுந்து படுத்துக்கிடும், வேகமா போறது இன்னும் தள்ளிப் போயி புகுந்துக்கிடும். கருப்பு கார்பன் அம்புன்னா தலைமுழுகிற வேண்டியதுதான், அம்பு வாலுல நாண்ல மாட்டுற 'நாக்'காவது பளிச்சுன்னு பச்சை கலர்ல போட்டு வைங்க.

அடுத்தது காத்து. இத நம்ம ஊருக்காரன் எழுதாம யாரு எழுதுவா. ஆனி பொறந்தா ஆவணி முடிய ஆரல்வாய்மொழி கணவாய் வழியா அடிக்கிற காத்துல பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் நிக்கவே முடியாது, சும்மாவா இத்தன காத்தாடி நட்டு வெச்சிருக்கான். வெரசா போற அம்புக்கு காத்து அடிக்க நேரம் கம்மி, அதனால கம்மியாத்தான் ஒதுங்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, கேக்க ஞாயமாவும் இருக்கும். ஆனா நடக்குறது அப்படி இல்ல. தண்டு ஒரே தடிமனா இருந்தா உந்தம் ஜாஸ்தி உள்ள அம்புதான் கம்மியா ஒதுங்குது, ஏன்னா லேசான அம்பு காத்துல வேகத்த வெரசா எழக்குது, எழந்த வேகத்துக்குத் தக்கனதான் பக்கவாட்டுல தள்ளிப் போவுது. பணகுடி பக்கம் வத்துன குளத்துல கரைய முதுகுக்கு வெச்சு 50 மீட்டர்ல அடிச்சதுல 470 தான் கூட்டமா நின்னுச்சு, 330 தெக்கயும் வடக்கயுமா செதறிக் கெடக்கும். அத விடவும் பலன் குடுத்தது தண்ட ஒல்லியா மாத்துனது, பொறவு பெரிய ரெக்கைய எடுத்துட்டு சின்ன ரெக்கை ஒட்டுனது. அதுக்கு நான் குடுத்த துட்டுல பத்து எஃப்பிஎஸ் கூட ஏறல, ஆனா ஆடியில பழக முடியுது.

இப்ப வேட்டைக்கு வருவோம், ஏன்னா இந்த வேகப் பைத்தியமே அங்கேர்ந்து வந்ததுதான். அத்தான் மொத மொத போனப்ப லேசான அம்பு, 300 பக்கம் வேகம், விரியிற மெக்கானிக்கல் பிராட்ஹெட் (வேட்டைக்குப் போடுற அலகு வெச்ச முனை). அவரு சொன்னது: "மாப்ள, மான் அம்பப் பாத்து ஓடல, சத்தத்தக் கேட்டு பதுங்குது." இத நான் கணக்கு போட்டுப் பாத்தேன். 30 கெஜத்துல, அதாவது 27 மீட்டர்ல, வில்லு சத்தம் 0.08 செகண்டுல மான் காதுக்குப் போயிரும். என் லேசான அம்பு போவ 0.31 செகண்டு, கனமானதுக்கு 0.36. ரெண்டுமே சத்தத்துக்கு ரொம்பப் பின்னாடிதான் போவுது, சத்தத்த முந்தணும்னா 1100 எஃப்பிஎஸ்க்கு மேல வேணும், எந்த வில்லுலயும் அது நடக்காது. மான் துள்ளி ஓடுறதுக்காக மொதல்ல கால மடக்கி கீழ எறங்கும், 0.2 செகண்டு கெடைச்சா 20 சென்டிமீட்டர் வரைக்கும் எறங்க முடியும். அப்ப 0.05 செகண்ட மிச்சம் பிடிக்கிறது நல்லதா, இல்ல வில்லையே சத்தமில்லாம ஆக்குறது நல்லதா? அத்தான் ரெண்டாவதப் பிடிச்சுக்கிட்டாரு, கூடவே 25 கெஜத்துக்கு மேல மான அடிக்கிறதையும் விட்டுட்டாரு.

பன்னி வேற கத. வளந்த ஆண் பன்னிக்கு தோள்பட்டையில கேடயம் மாதிரி ஒரு கெட்டித் தோலும் சவ்வும் சேந்து இருக்கும். அதுல லேசான அம்பு மெக்கானிக்கல் பிராட்ஹெட்டோட போயி, விரியவே பாதி சக்தியத் தொலைச்சுட்டு, பாதியில நின்னுரும், பன்னி அம்போட ஓடிப் போயிரும், அது பாவமும் கூட. கனமான அம்புல நல்லா தீட்டுன ரெண்டு அலகு பிராட்ஹெட் போட்டா மறுபக்கம் வந்துருதுன்னு சொல்லுதாரு. எட் ஆஷ்பின்னு ஒரு அமெரிக்கக்காரரு ஆப்பிரிக்காவுல பல வருஷம் இதத்தான் சோதிச்சுப் பாத்தவரு, பெரிய எலும்ப ஒடைச்சுப் போவணும்னா 650 கிரெயினாவது வேணும்னு சொன்னாரு. மானுக்கு அம்புட்டு தேவையில்லன்னு நான் நெனக்கேன், ஆனா தெசை சரிதான். பழைய அமெரிக்க வில் வேட்டைக்காரரு ஃப்ரெட் பேர் காலத்துல, கேம் இல்லாத ரீகர்வ் வில்லுல 200 எஃப்பிஎஸ்ஸே வராது, அந்த மனுஷன் கரடிலேர்ந்து யானை வரைக்கும் அடிச்சாரு. அவ்வளவு தூரம் ஏன் போவணும், நம்ம கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, கடைசியா புத்துல கெடந்த உடும்புன்னு தைச்சாருன்னு பாட்டு இருக்கே, அது நெசமோ புலவர் கைவரிசையோ, அந்த அம்பு 330 கிரெயினா இருந்திருக்காது.

வேகத்துக்காக வில்லு பக்கம் நாம குடுக்குற வெலையும் இருக்கு, இத வாங்குனவனுக்குத்தான் தெரியும். வேக வில்லுன்னா பிரேஸ் ஹைட் (பிடிக்கும் நாணுக்கும் நடுவுல உள்ள எடம்) ஆறு இஞ்சு பக்கம் இருக்கும், அம்பு நாண்ல ஜாஸ்தி நேரம் ஒட்டிக்கிட்டு வரும், அதுக்குள்ள கை லேசா திரும்புனாலும் அம்பு சொல்லிக் காட்டிரும். எங்கிட்ட இருக்கது அந்த சாதிதான், சாயங்காலம் கை களைச்சுப் போன பொறவு அடிச்சா அட்டையில தெளிவா தெரியும். ஏழு இஞ்சு வில்லு ஒரு நண்பர் வெச்சிருக்காரு, என்னைய விட 15 எஃப்பிஎஸ் கம்மி, ஸ்கோர் என்னைய விட ஜாஸ்தி, அவரு பழக்கமும் ஜாஸ்திதான், இருந்தாலும். கேமும் அப்படித்தான், வேக கேம் மொத இஞ்சுலேர்ந்தே முரட்டுத்தனமா இழுக்கும், கடைசியில திடீர்னு விழும், தோள்பட்ட வலி உள்ளவங்க இத வாங்கவே வேண்டாம். அப்புறம் பிராட்ஹெட் போட்டு 290க்கு மேல விட்டா டியூனிங்ல ஒரு துளி பெசகுனாலும் அது ரெக்கை முளைச்ச மாதிரி வேற பக்கம் போவும்னு அத்தான் பொலம்புவாரு.

நம்ம வெயிலுக்கு இன்னொண்ணு. சித்திரை வெயில்ல பாளையங்கோட்டையில காருக்குள்ள வில்ல வெச்சுட்டு டீ குடிக்கப் போயிராதீங்க. நாண் சூட்டுல மெல்ல நீளும், பீப் திரும்பிக்கிடும், கேம் டைமிங் மாறும், வேகமும் கொறஞ்சு அம்பு கீழ போவும். வில்லோட வந்த நாண் அப்படித்தான் ஆச்சு. டைனீமாவோட வெக்ட்ரான் கலந்த நாண் மாத்துன பொறவு அந்தத் தொல்ல ரொம்பக் கொறஞ்சு போச்சு, ஒண்ணு ரெண்டு எஃப்பிஎஸ் போனா போவுது.

50 மீட்டர் அட்டைக்கு வேகத்தப் பத்திப் பேசவே வேண்டாம். தூரம் மாறாது, 80 சென்டிமீட்டர் அட்டை, பத்து வட்டம் 8 சென்டிமீட்டர், வில்லு 60 பவுண்டுக்கு மேல போவக் கூடாதுன்னு விதி. நம்ம இந்திய வீரர் ஓஜஸ் தேவதலே 2023ல பெர்லின் உலகப் போட்டியில 150க்கு 150 எடுத்து ஜெயிச்சாரு, வேகத்த வெச்சு அந்த ஸ்கோர் வராது, ஒரே மாதிரி இழுத்து ஒரே மாதிரி விடுறதுலதான் வரும்.

இப்ப எங்கிட்ட உள்ள செட்டப்பு, தூரம் தெரிஞ்ச எடத்துக்கும் காத்துக் காலத்துக்கும் 470, 3டிக்கு 330. ரெண்டுக்கும் தனித்தனியா தூரம் குறிச்ச சைட் டேப் ஒட்டி வெச்சிருக்கேன், மாத்துற ஒவ்வொரு தடவையும் அம்பு உக்காருற ரெஸ்ட்ட ஒரு மயிரிழை நகட்டி, அம்பு நேரா போவுதான்னு பேப்பர்ல விட்டுப் பாக்க வேண்டியிருக்கு, அதான் பெரிய எரிச்சல். அதுக்காக நடுவுல ஒரு 400க்குள்ள ரெண்டையும் முடிச்சுரலாமான்னு ஒரு யோசனை ஓடுது, ஒல்லித் தண்டுக்கு ஏத்த பாயிண்ட் வர வேண்டியிருக்கு, வந்ததும் ஆடிக் காத்துலயே விட்டுப் பாத்துருவேன்.