நைரோபிக்குச் செல்வதா, கவுண்டியிலேயே கற்பதா: கென்ய அதிகாரிகளுக்கான பயிலரங்குகள்

கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பு 47 கவுண்டி (மாவட்டம் போன்ற தன்னாட்சிப் பகுதி) அரசுகளுக்கு வழிவகுத்து, மருத்துவமனைகள், குடிநீர், குப்பை அகற்றல், கவுண்டிச் சாலைகள், முன்பருவப் பள்ளிகள், வேளாண்மை ஆகிய பணிகளைத் தனது நான்காவது அட்டவணையின் வழியே அவற்றிடம் ஒப்படைத்தது. 2013 மார்ச் தேர்தலுக்குப் பின் பொறுப்பேற்றவர்கள் இதற்குமுன் இல்லாத பதவிகளில் அமர்ந்தார்கள். ஐந்தாண்டுக்கொரு முறை புதியவர்கள் வருவதால் பயிற்சியின் தேவை இன்றும் குறையவில்லை. அதை எப்படி அளிப்பது என்பதில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

முதலாவது, கென்ய அரசுப் பணிப் பள்ளியில் தங்கிப் படிப்பது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இப்பள்ளியின் தலைமை வளாகம் நைரோபியின் லோயர் கபேட்டெவில் உள்ளது. நிதி விதிகளைக் கற்பதற்கு இதைவிட ஏற்ற இடமில்லை. ஆண்டு வளர்ச்சித் திட்டத்தைச் செப்டம்பர் 1-க்குள்ளும், நிதி உத்தி அறிக்கையைப் பிப்ரவரி 28-க்குள்ளும், வரவுசெலவு மதிப்பீட்டை ஏப்ரல் 30-க்குள்ளும் கவுண்டிப் பேரவையில் வைக்க வேண்டும் என்பதோ, வரவுசெலவில் குறைந்தது 30 சதவீதத்தை வளர்ச்சிப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதோ எல்லாக் கவுண்டிகளுக்கும் பொதுவானது. ஆனால் வெளியூர்ப் பயிற்சி என்றால் தினப்படியும் உண்டு. ஆகவே, யாருக்குப் பாடம் தேவை என்பதைவிட யாருடைய முறை வந்திருக்கிறது என்பதே சில வேளைகளில் பெயர்ப் பட்டியலைத் தீர்மானித்துவிடும். கவுண்டிகளின் பயணச் செலவை, அரசுச் செலவைக் கண்காணிக்கும் வரவுசெலவுக் கட்டுப்பாட்டாளரின் அறிக்கைகள் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டி வருகின்றன.

இரண்டாவது, பயிற்றுநர்களைக் கவுண்டிக்கே வரவழைப்பது. சேவைகளைப் பொறுத்தவரை என் சாய்வு இதன் பக்கமே. மருத்துவமனை வசூலிக்கும் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பணம் கவுண்டியின் பொது வருவாய் நிதிக்குப் போய்ச் சேர, மருந்து வாங்கவும் பழுது நீக்கவும் கையில் காசின்றி மருத்துவமனைகள் காத்திருந்ததே பல இடங்களில் பழைய நிலை. மருத்துவ நிலையங்கள் தம் வருவாயைத் தாமே வைத்துச் செலவிடுவதற்கு 2023-ஆம் ஆண்டின் மருத்துவ நிலைய மேம்பாட்டு நிதிச் சட்டம் வழி திறந்தது. எனினும் சட்டம் நடைமுறைக்கு வர மருத்துவமனைக் கண்காணிப்பாளர், கருவூல அதிகாரி, கொள்முதல் அலுவலர் ஆகிய மூவரும் ஒரே கணக்கேட்டை முன்வைத்து, யார் எதில் கையொப்பமிடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். நைரோபி வகுப்பறைக்கு இம்மூவரும் ஒன்றாகச் செல்வது அரிது. சொந்தக் கவுண்டியில் அவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பது எளிது.

இதிலும் குறை உண்டு. கவுண்டி அரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் பாதி அரங்கு காலியாகிவிடும். மேலதிகாரி முன்வரிசையில் இருக்கும்போது, குடிநீர்க் குழாய் ஏன் மூன்று மாதமாக உடைந்து கிடக்கிறது என்பதை எந்த இளநிலை அலுவலரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆகவே முதல் நாளேனும் மேலதிகாரிகள் இல்லாமல் நடத்துவதே நல்லது.

மூன்றாவது, வேறொரு கவுண்டிக்குச் சென்று நேரில் பார்ப்பது. இத்தகைய அனுபவங்களைத் திரட்டித் தருவதற்காக ஆளுநர்கள் மன்றம் மாரிஃபா மையத்தை நடத்துகிறது. ஊர் மட்டத்திலிருந்து மக்கள் கருத்தை மேலெடுத்துச் செல்வதில் பெயர்பெற்ற மக்குவேனி, அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படும் கவுண்டி. ஆனால் நிலையான ஊர்களில் பயிரிட்டு வாழ்வோரிடையே வேரூன்றிய முறையை, மேய்ச்சலுக்காக மந்தைகளோடு இடம்பெயர்வோர் மிகுந்த மண்டேராவில் அப்படியே நட்டால் கூட்டத்துக்கு வரவேண்டியவர்களே ஊரில் இருக்கமாட்டார்கள். பார்த்து வந்ததை மாற்றியமைக்கும் வேலை பார்வையாளரின் தலையில்தான் விழுகிறது. ஒரு நாள் சுற்றுலாவில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

மூன்றுக்கும் பணம் இல்லாத கவுண்டி, புதிதாகச் சேர்ந்த நிதி அலுவலர்களை மட்டும் நைரோபிக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை உள்ளூர்ப் பயிலரங்குக்குச் செலவிடலாம். அதையும் ஜூலையிலோ ஆகஸ்டிலோ நடத்த வேண்டும்: ஜூலை 1 அன்று நிதியாண்டு தொடங்கியிருக்கும்; செப்டம்பர் 1-க்கான வளர்ச்சித் திட்டம் இன்னும் வரைவாகவே இருப்பதால், அரங்கில் எடுத்த முடிவுகளை அதில் எழுதிச் சேர்க்க அப்போது இடமிருக்கும்.