குளூனியும் சீத்தோவும்: ஒரே ஒழுங்கிலிருந்து பிரிந்த இரு வழிகள்

இடைக்கால ஐரோப்பாவில் துறவு வாழ்வுக்கு இலக்கணம் வகுத்த பெருமை இரண்டு மடங்களைச் சேரும். இரண்டும் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் அமைந்தவை. அக்கித்தேனியக் கோமகன் வில்லியம் 910-இல் குளூனியை நிறுவினார். மொலேம் மடத்தின் ராபர்ட், அங்கிருந்த வாழ்க்கை போதாது என்று வெளியேறி, 1098-இல் சீத்தோவின் சதுப்பு நிலத்தில் குடியேறினார். புனித ஆசீர்வாதப்பர் துறவியருக்கு எழுதிய, 73 அதிகாரங்கள் கொண்ட விதிநூலான ஒழுங்கையே இரு தரப்பாரும் ஏற்றிருந்தனர். ஆயினும் கறுப்பு அங்கி அணிந்த குளூனியாரும், சாயமேற்றாத கம்பளி உடுத்திய சீத்தோவினரும் அதை வாசித்த விதம் முற்றிலும் வேறு.

முதல் வேறுபாடு நாளின் பொழுதைச் செலவிட்ட முறை. ஒரு வாரத்துக்குள் 150 திருப்பாடல்களையும் பாடி முடிக்கும்படி ஆசீர்வாதப்பர் வகுத்திருந்தார். குளூனியிலோ ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் பாடப்பட்ட காலம் உண்டு. அதனால் வயல் வேலைக்கு நேரமே இருக்கவில்லை. இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. இறந்தோருக்காக மன்றாடுவதைத் தம் தலையாய கடமையாகவே அந்தத் துறவியர் கருதினர். நவம்பர் 2-ஆம் நாள் நம் ஊர்க் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி நாம் அனுசரிக்கும் கல்லறைத் திருநாள், குளூனியின் மடாதிபதி ஒடிலோ தம் மடங்களில் ஏற்படுத்திய வழிபாட்டிலிருந்து திருச்சபை எங்கும் பரவியதே. கைகளால் உழைத்து வாழ்பவரே உண்மையான துறவியர் என்ற ஒழுங்கின் 48-ஆம் அதிகாரத்தைச் சீத்தோவினர் மீண்டும் கையிலெடுத்தனர்.

கட்டடங்களிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. 1088-இல் தொடங்கப்பட்ட குளூனியின் மூன்றாம் ஆலயம் சுமார் 187 மீட்டர் நீளமானது. ரோமில் புதிய பேதுரு பேராலயம் எழும்வரை அதைவிடப் பெரிய ஆலயம் கிறிஸ்தவ உலகில் இல்லை. சீத்தோவின் கிளையான கிளேர்வோ மடத்தின் அதிபர் பெர்நார்து ஏறத்தாழ 1125-இல் எழுதிய கண்டனத்தில், சுவர்கள் ஒளிர ஏழைகள் வாடுவதைச் சாடினார். தாழ்வாரத் தூண்களில் செதுக்கிய குரங்குகளும் சிங்கங்களும் பாதி மனிதப் பிறவிகளும் துறவியரின் கண்ணை நூலிலிருந்து கல்லுக்கு இழுப்பதாக வருந்தினார். 1147-இல் நேர்ந்தளிக்கப்பட்ட, சீத்தோவினரின் ஃபோந்தனே மடத்து ஆலயத்தில் கோபுரமோ வண்ணக் கண்ணாடியோ கிடையாது; வெறும் கல்லும் ஒளியும்தான். குளூனியின் பேராலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்டு, இன்று குறுக்குக்கூடத்தின் ஒரு பகுதியே எஞ்சியிருக்கிறது.

பொருளாதாரத்தில் இரு தரப்பாரிடமும் குறை உண்டு. லெயோன் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ தம் தந்தை ஆண்டுதோறும் அளித்துவந்த பொன்னை 1077-இல் இரட்டிப்பாக்கினார். அந்த வரவை நம்பிக் கட்டிய குளூனி, அது நின்றதும் கடனில் விழுந்தது. சீத்தோவினர் தசமபாகமும் வாடகையும் வேண்டாமென்று சொந்த உழைப்பில் பண்ணைகள் அமைத்தார்கள். ஆனால் உழைப்பின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் எழுத்தறியாப் பொதுநிலைச் சகோதரர்களே. தாடியும் தனி உடையுமாக ஆலயத்தின் மேற்குப் பகுதியில் நின்று செபித்த அவர்கள், திருப்பாடல் வழிபாட்டை நடத்தும் பாடகர் வரிசைத் துறவியராக உயர முடியாது. எளிமையின் பெயரால் எழுந்த ஓர் இயக்கத்தில் இப்படியொரு படிநிலை இருந்தது எனக்குப் பெரும் உறுத்தலாகவே இருக்கிறது.

மனித நேயத்தில், பெர்நார்தின் காலத்தில் குளூனியின் மடாதிபதியாயிருந்த பேதுருவையே நான் மேலாக வைப்பேன். பெர்நார்தின் முயற்சியால் கண்டிக்கப்பட்ட அறிஞர் அபெலாருக்கு அவர் தம் மடத்தில் அடைக்கலம் தந்து, பெர்நார்துடன் சமாதானமும் செய்துவைத்தார். 1142-இல் அபெலார் இறந்தபோது அவருடைய மனைவியாயிருந்து துறவியான எலோயீசுக்கு ஆறுதல் மடல் எழுதியவரும் அவரே.

ஆட்சிமுறையில் மட்டும் தயக்கமின்றிச் சீத்தோவின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. குளூனியில் நூற்றுக்கணக்கான இல்லங்களுக்கும் தலைமை ஒருவரிடமே குவிந்திருந்தது. மயோலுஸ், ஒடிலோ, ஹியூ என்ற மூவரே 954 முதல் 1109 வரை 155 ஆண்டுகள் ஆண்டதால் அதன் ஆபத்து வெளியே தெரியவில்லை. அடுத்து வந்த பொன்சியுஸ் 1122-இல் பதவி விலகி, பின்னர் ஆட்களுடன் திரும்பிவந்து மடத்தை வன்முறையால் கைப்பற்றியபோது எல்லாம் ஆட்டங்கண்டது. சீத்தோவின் மூன்றாம் மடாதிபதி ஸ்தேவான் ஹார்டிங் காலத்தில் உருவான ‘அன்பின் சாசனம்’ ஒவ்வொரு மடத்துக்கும் தனி மடாதிபதியைத் தந்தது. அதை நிறுவிய தாய்மடத்தின் அதிபர் ஆண்டுக்கொருமுறை வந்து பார்வையிடவும், எல்லா அதிபர்களும் ஆண்டுதோறும் பொதுப்பேரவையில் கூடவும், தவறினால் சீத்தோவின் அதிபரையே திருத்தவும் வழிசெய்தது. 1215-இல் திருச்சபையின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், இத்தகைய பேரவை வழக்கமில்லாத துறவியர் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்றும், தொடக்கத்தில் அண்மையிலுள்ள இரு சீத்தோ அதிபர்களை அழைத்து அவர்களிடம் அம்முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிட்டது.