பெட்டியை மாட்டினால் ஓடும், கழற்றினால் நிற்கும்: ஒன்பது பின் பிரேக்அவுட் பெட்டி, மூன்று வருடம் கழித்து

இந்தப் பெட்டியின் விலை பாதியாக இறங்கியதிலிருந்து "வாங்கலாமா?" என்ற கேள்வி ஓயவில்லை. அதற்காகத்தான் இது. ஜே1939 (லாரியின் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் முறை) பற்றிய பாலபாடம் இங்கே கிடையாது. லாரியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டுக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் மாட்டி, ஏ முதல் ஜே வரை ஒவ்வொரு பின்னையும் தனித்தனி ஜாக்காக வெளியே எடுத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி. சிக்னல் எல்.இ.டி. இரண்டு. அடியில் ஒரு ஸ்லைடு ஸ்விட்ச். அந்த ஸ்விட்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏஎம்டி (தானே கியர் மாற்றும்) வண்டி நியூட்ரலிலேயே நிற்கிறது, கியர் விழவில்லை, ஸ்கேனரில் எஸ்பிஎன் (எதில் பழுது என்ற எண்) 639, எஃப்எம்ஐ (என்ன வகைப் பழுது என்ற எண்) 9. உடனே "கியர்பாக்ஸ் கன்ட்ரோலர் போச்சு" என்று புது டிசியூவுக்கு (அந்தக் கன்ட்ரோலருக்கு) விலை கேட்கக் கிளம்புவார்கள். 639 கியர்பாக்ஸின் கோடே இல்லை, நெட்வொர்க்கின் கோடு. எஃப்எம்ஐ 9 என்றால் வர வேண்டிய தகவல் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் டிசியூ எஞ்சினிடம் டார்க்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது நெட்வொர்க்கின் இரண்டு கேன் வயரில்தான். எஞ்சின் ஆர்பிஎம் அதற்குத் தெரிவதும் இதே வயரில்தான். வயர் ஊமையானால் டிசியூ கியர் போடாமல் நிற்பது கோளாறு இல்லை, அதன் வேலை.

யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி வேலை முடியும். அட்ரஸ் 0 எஞ்சின், 3 கியர்பாக்ஸ், 11 பிரேக். எல்லாரும் 3-ஐக் காணோம் என்கிறார்கள், ஸ்கேனருக்கும் 3 தெரியவில்லை என்றால், கேன் வயரைத் தொடும் முன் டிசியூவின் ஃப்யூஸையும் எர்த்தையும் பாருங்கள். மீட்டரில் 24 வோல்ட் காட்டினால் போதாது. 21 வாட் பல்பை அந்தப் பின்களில் போட்டுப் பிரகாசமாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் மீட்டருக்கு 24 காட்டும். அதே பல்பைக் கேன் வயரில் வைத்துவிடாதீர்கள், கன்ட்ரோலர் போய்விடும்.

பெட்டி சோறு போடுவது அடுத்த கட்டத்தில். சாவியை எடுத்து, ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) பம்ப் தன் குழாயைக் காலி செய்து முடிக்கும்வரை பொறுத்து, பிறகு பேட்டரி ஐசொலேட்டரை ஆஃப் செய்ய வேண்டும். கரன்ட் ஓடும் வயரில் ஓம் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஸ்கேனரையும் கழற்றிவிட்டு, கேன் வயர்கள் வரும் சி, டி ஜாக்குகளுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். லைனின் இரண்டு முனையிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் (டெர்மினேட்டர்) இருப்பதன் கணக்கு அது. 120 வந்தால் ஒரு முனை போயிற்று, அல்லது வயர் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. வெளியே தெரியும் டெர்மினேட்டர் பிளக்கை உருவிப் பாருங்கள். எண் 120-இலேயே நின்றால் இந்தப் பக்கம்தான் பழுது. ஓப்பன் ஆகிவிட்டால் (மீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டினால்) இந்த முனை நல்லது, மறுமுனையைத் தேடலாம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 வந்தால் எவரோ மூன்றாவது டெர்மினேட்டரைச் செருகியிருக்கிறார். பெரும்பாலும் ஜிபிஎஸ் அல்லது டீசல் கண்காணிப்புக் கருவி மாட்டியவர். டேஷ்போர்டைப் பிரித்து, பின்னால் முறுக்கு வயரைக் கத்தியால் கீறி டேப் சுற்றியிருப்பார்.

சாவியைப் போட்டு வோல்ட்டும் பார்க்கலாம். எர்த்துக்கு எதிராக கேன்-ஹை (சி) 2.5-க்குச் சற்று மேலே, கேன்-லோ (டி) சற்று கீழே, கூட்டினால் ஏறக்குறைய 5. பின்னை ஊசியால் குத்தித் தேட வேண்டாம், குனிய வேண்டாம், டார்ச் வேண்டாம். ஐந்து நிமிட வேலை. இந்த ஒரு வசதிக்காக மூன்று வருடமும் பெட்டி பையை விட்டு இறங்கவில்லை.

இப்போது அந்த ஸ்விட்ச்.

பெட்டிக்குள் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. மேசையில் தனியாக ஒரு கன்ட்ரோலரை வைத்துச் சோதிக்க அது தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்விட்ச் எழுத்து தெரியாத அளவுக்குச் சிறியது, பைக்குள் ஸ்பேனர் உரசினாலே ஆன் பக்கம் நகரும். ஆன் ஆனால் நல்ல வண்டியும் 40 காட்டும். இல்லாத மூன்றாவது டெர்மினேட்டரைத் தேடி டேஷ்போர்டு முழுக்கப் பிரித்தாகும். அதைக்கூடப் பொறுக்கலாம். நிஜமாகவே ஒரு டெர்மினேட்டர் போன வண்டியில் மாட்டினால் என்ன ஆகும்? 120-க்குப் பதில் அழகாக 60 காட்டும். வண்டியும் கியர் போட்டுக்கொண்டு ஒழுங்காக ஓடும். "லைன் நல்லா இருக்கு" என்று எழுதிக் கொடுத்துப் பெட்டியைக் கழற்றினால், கேட்டைத் தாண்டுமுன் மறுபடி 639. பழுதைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவி பழுதை மறைக்கிறது. இதைவிட மோசமாக ஒரு கருவியை எப்படி வடிவமைப்பது என்று தெரியவில்லை.

வண்டியில் மாட்டுமுன் வெறும் பெட்டியின் சி, டி ஜாக்குகளை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். ஓப்பன் காட்டினால்தான் மேலே போகலாம்.

எல்.இ.டி.யையும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு கன்ட்ரோலர் கத்திக்கொண்டிருந்தாலும் அது மினுக்கும். பேட்டரி கரன்ட் வரும் பி ஜாக்கும் சி ஜாக்கும் ஒட்டி இருப்பதும் வயிற்றைக் கலக்கும் விஷயம். புரோப் நழுவினால் 24 வோல்ட் நேராகக் கேன் வயருக்குள் போகும். பி-க்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள்.

கூடவே வரும் 16 பின் கேபிளில் 6-ம் 14-ம் சி, டி-க்கு வருகின்றன. 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பிஎஸ்6 வண்டிகளுக்கு அது உதவும். ஆனால் கேட்வே (லைன்களைப் பிரித்து நடுவில் நிற்கும் கன்ட்ரோலர்) வைத்த வண்டியில் சாக்கெட்டில் அளக்கும் 60, கேட்வேக்கு முன்னால் இருக்கும் லைனுக்குத்தான். கியர்பாக்ஸ் லைன் கேட்வேக்குப் பின்னால் தனியாக ஓடுகிறது. அங்கே டிசியூ கனெக்டரிலேயே போய் அளக்க வேண்டும், பெட்டிக்கு வேலையில்லை.

வாங்கலாமா என்றால், வாங்காதீர்கள். தினமும் பயன்படுத்திக்கொண்டே இதைச் சொல்கிறேன் என்பது தெரியும். ஒரு ஒன்பது பின் பிளக், இரண்டு ஜாக், அரை அடி முறுக்கு வயர் இருந்தால் இதே வேலை நடக்கும், ஸ்விட்ச் தொல்லையும் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அடியிலுள்ள நாலு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். ஸ்விட்சை ஒட்டி 121 என்று அச்சிட்ட கறுப்புச் சில்லு ஒன்று இருக்கும். அதுதான் 120 ஓம். சால்டரிங் அயர்னை வைத்து எடுத்துவிடுங்கள்.