மீற்றரா, வயரிங்காரரா, சோலார் கொம்பனியா, ஓடிட்டரா? வீட்டுக் கரண்ட்டை யாரிடம் காட்டுவது

ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒருவர் வந்து, முன்கதவில் பெரிய ஃபேன் ஒன்றைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கால் குளிர் நுழைகிறது என்று பார்த்தாராம். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை அந்த ஃபேன் ஓடுமாம். கனடாவில் அதற்கு எனர்கைட் மதிப்பீடு என்று பெயர். 2021இல் தொடங்கிய கிறீனர் ஹோம்ஸ் என்ற அரச வீட்டுத் திருத்த மானியத்துக்கு, திருத்த வேலைக்கு முன் ஒருதரமும் பின் ஒருதரமும் அதைச் செய்தே ஆகவேண்டும் என்று இருந்தது.

"அண்ணா, நீங்களும் ஒருக்கா வீட்டை ஆரிட்டயாவது காட்டுங்கோவன், பில் பில் எண்டு அழாமல்" என்றாள்.

திருகோணமலையில் எங்கள் அலஸ்தோட்டத்து வீட்டில் அந்த ஃபேனைப் பூட்டினால் விடிய விடிய ஓடினாலும் 50 பாஸ்கல் வராது. கூரைச் சீற்றுக்கும் சுவருக்கும் இடையால் பூனையே போய்வருகிறது. நமக்குப் பிரச்சினை காற்று நுழைவதல்ல, கூரையால் இறங்கும் வெக்கை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. வைகாசியில், தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய மாதம், 30 நாளுக்கு 264 யுனிட் என்று பில் வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் ஏசியைத்தான் கைகாட்டினார்கள்.

திருகோணமலையில், நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, உப்புவெளி, அன்புவழிபுரம், பாலையூற்று, சாம்பல்தீவுப் பக்கம் இருப்பவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நான் மூன்றைச் செய்து பார்த்தேன். நான்காவதை விசாரித்ததோடு விட்டுவிட்டேன்.

முதலாவது, காசில்லாதது: மீற்றரை நீங்களே படிப்பது. ஒரு கொப்பியில் காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இலக்கத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரு கிழமை போதும். எனக்கு நான்காம் நாளே ஒன்று உறைத்தது. எல்லோரும் படுத்த பிறகு, ஏசி போடாத இரவில்கூட, மீற்றர் நன்றாகவே ஓடியிருந்தது.

அடுத்த இரவு ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டோர்ச்சோடு மீற்றருக்கு முன்னால் போய் நின்றேன். (நாய் குரைத்து, பக்கத்து வீட்டு மாமி எழும்பி, "ஆர் தம்பி அங்க?" என்று கேட்டதெல்லாம் தனிக்கதை.) இலத்திரனியல் மீற்றரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கும். ஒரு யுனிட்டுக்கு எத்தனை மினுக்கம் என்பது மீற்றர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 1600. பத்து மினுக்கத்துக்கு 150 விநாடி எடுத்தது. பத்தை 36 இலட்சத்தால் பெருக்கி, 1600ஐ 150ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் 150 வோட்ஸ். சரி, ஒரு பழைய ஃபிரிட்ஜ் அவ்வளவு எடுக்கும்தான். ஆனால் அரை மணி கழித்துப் பார்த்தேன், அதே வேகம். ஒரு மணி கழித்தும் அதே வேகம். கொம்பிரசர் ஓய்வே எடுக்கவில்லை. 150 வோட்ஸ் 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 3.6 யுனிட், மாதம் 108. நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடும் ஏசி மாதம் அறுபது சொச்சம்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவு இடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தேன். மேல்பக்கம் இறுகப் பிடித்தது, கீழ்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு றப்பர் அங்கே நெளிந்து போயிருந்தது. இரவும் பகலும் அதற்குள்ளால் வெக்கை போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இந்த வழியின் குறை என்னவென்றால், பொறுமை வேண்டும், கணக்கு வேண்டும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் போட வேண்டும். சுவருக்குள் நடப்பது தெரியாது. ஆனால் வேறு எந்த வழியிலும் ஒரு முழுக் கிழமையைப் பார்க்க ஆள் கிடைக்காது. வருகிறவர் எவரானாலும் சில மணி நேரம்தான் நிற்பார். நீங்களோ அந்த வீட்டில்தான் படுத்து எழும்புகிறீர்கள்.

இரண்டாவது, ஊரில் வயரிங் செய்கிறவரைக் கூப்பிடுவது. அரை நாள் கூலி, ஒரு பிளேன்ரீ. எங்களுக்கு வந்த தம்பி கிளாம்ப் மீற்றர் கொண்டுவந்திருந்தார். வயரை அறுக்காமல், அதைச் சுற்றிக் கவ்வி அம்பியர் காட்டும் கருவி. இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று வெட்டிப் பூச்சியம் காட்டும், ஒற்றை வயரைத்தான் கவ்வவேண்டும். ஃபிரிட்ஜுக்கு 0.9 அம்பியர் காட்டியது. அவர் அதை 230ஆல் பெருக்கி, "அண்ணன், இருநூறு வோட்ஸுக்கு மேல இழுக்குது" என்றார். என் கொப்பியில் 150. இரண்டும் பிழையில்லை. கொம்பிரசர், பம்ப் போன்ற மோட்டர் உள்ள சாமான்களில் அம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கினால் வருவது முழுக்க வோட்ஸ் ஆகாது. பவர் ஃபாக்டர் என்ற ஒன்று நடுவில் நின்று குறைக்கும். வீட்டு மீற்றர் கணக்கிடுவது அந்தக் குறைந்த எண்ணைத்தான். ஆகவே கிளாம்ப் மீற்றர் கணக்கை வைத்து "இதனால் மாதம் இவ்வளவு பில்" என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் தள்ளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அவரைக் கூப்பிட்டது வீணா? இல்லவே இல்லை. மெயின் போர்ட்டைத் திறந்தபோது நியூட்ரல் கட்டை ஆணி ஒன்று தளர்ந்து, வயரின் உறை கபில நிறமாகக் கருகியிருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் உப்புக்காற்று செய்யும் வேலை அது. இதைத் திருத்தியதால் பில்லில் ஒரு யுனிட்டும் குறையாது, ஆனால் அதை நான் ஆயிரம் மினுக்கம் எண்ணியும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பட்டனையும் அழுத்திப் பார்த்தார், விழுந்தது. பின்பக்கத்து ஏசி வெளிப்பெட்டியின் தகடுகளில் உப்பு படிந்திருந்ததைக் காட்டி, நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னார்.

கிணற்று மோட்டரையும் அவர்தான் சந்தேகித்தார். ஒரு குதிரைவலு மோட்டர், கிட்டத்தட்ட ஒரு கிலோவோட் எடுக்கும். பாத்ரூம் சிஸ்டர்ன் வாஷர் தேய்ந்து தண்ணீர் சத்தமில்லாமல் ஒழுகியதால், தாங்கி இறங்கி, இறங்கி, மோட்டர் நாளைக்கு 25 நிமிடம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மாதம் 12 யுனிட். காரணம் ஒரு றப்பர் வாஷர்.

மூன்றாவது, சோலார் கொம்பனிகளின் இலவசப் பரிசோதனை. தொலைபேசியில் சொன்னால் வந்துவிடுவார்கள். பெயர் என்னவோ பரிசோதனைதான். வந்தவர் நல்ல மனிதர், ஆனால் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. பில்லைப் பார்த்தார், கூரையை அளந்தார், 264ஐ வைத்து மூன்று கிலோவோட் என்று எழுதித் தந்தார். கணக்கு சரிதான், நம் வெயிலில் ஒரு கிலோவோட்டுக்கு மாதம் நூறு சொச்சம் யுனிட் எதிர்பார்க்கலாம். ஆனால் அந்த 264இல் ஓய்வில்லாத ஃபிரிட்ஜும் ஒழுகும் சிஸ்டர்னும் இருந்தன. அவற்றைத் திருத்தினால் இரண்டு கிலோவோட் போதும். அதாவது ஒரு றப்பருக்கும் வாஷருக்கும் பதிலாக ஒரு கிலோவோட் பலகையை வாங்கச் சொல்லுகிறது அந்தக் கடதாசி. அவர்மேல் பிழையில்லை, அவருடைய வேலை விற்பது. அரசின் கூரைச் சோலார் திட்டமான சூரிய பல சங்கிராமய 2016இல் தொடங்கியதிலிருந்து, முன்பே இருந்த நெற் மீற்றரிங்கோடு (மிச்ச யுனிட்டை வரவு வைப்பது) நெற் அக்கவுன்டிங் (மிச்ச யுனிட்டுக்குக் காசு தருவது) போன்ற வகைகளும் வந்துவிட்டன. திட்டத்தில் சேரும் நாளில் மிச்ச யுனிட்டுக்கு எந்த விலை என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது அடிக்கடி மாறுகிறது.

ஒன்றில் மட்டும் அவர்கள் மற்றவர்களைவிடப் பிரயோசனம். கூரையைப் பற்றி நேர்மையாகக் கேளுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைத் துளைக்கலாமா, கைமரம் தாங்குமா, 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியதுபோல இன்னொன்று வந்தால் எந்த ஆணி பிடிக்கும் என்று. பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். 2022இன் மின்வெட்டு இருட்டை மறக்காத பலர், சோலார் போட்டால் கட் நேரத்திலும் லைட் எரியும் என்று நம்பித்தான் காசு கட்டுகிறார்கள்.

நான்காவது, பதிவுபெற்ற எனர்ஜி ஓடிட்டர், அதாவது கரண்ட் எங்கே வீணாகிறது என்று ஆய்ந்து சொல்பவர். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலு அதிகாரசபை இவர்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கமரா, நாள்கணக்கில் பதிவுசெய்யும் லொகர் எல்லாம் இவர்களிடம் இருக்கும். தொழிற்சாலை, ஹோட்டல், பெரிய கட்டிடம்தான் இவர்களின் களம். நிலாவெளியில் ஏழெட்டு ஏசி அறையோடு விருந்தினர் விடுதி நடத்துபவர் தயங்காமல் கூப்பிடலாம். வீட்டுக்காரருக்கு, கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் வந்துபோகும் செலவே கட்டாது. தெர்மல் கமரா காட்டப்போவதும் நமக்குத் தெரிந்ததுதான். பின்னேரம் நான்கு மணிக்கு சீற்றுக்குக் கீழே கையை உயர்த்திப் பாருங்கள். இரவு பத்து மணிக்குக் கொங்கிறீற் தட்டின் அடியில் கையை வையுங்கள். பகல் வெயிலை அது அப்போதுதான் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்.

என் முடிவு, எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கைப் பற்றியது. முதலில் கொப்பி, பிறகு வயரிங்காரர், திருத்த வேண்டியதைத் திருத்தி இரண்டு பில் வந்த பிறகு சோலார். இதைப் புரட்டிச் செய்தால் ஓட்டைகளுக்கும் சேர்த்து இருபது வருடத்துக்குப் பலகை வாங்குவீர்கள்.

இதில் பில்லின் படிமுறையையும் கணக்கில் எடுக்கவேண்டும். 30 நாளுக்கு 60 யுனிட்டைத் தாண்டினால் முதல் 30க்கு இருந்த மலிவு விலை இல்லாமற்போகும். 180ஐத் தாண்டினால் மேலே வரும் ஒவ்வொன்றும் உச்ச விலை. மீற்றர் வாசிப்பவர் 33ஆம் நாள் வந்தால் இந்த எல்லைகளும் அதற்கேற்ப நீளும், அதற்காகச் சண்டைபிடிக்கத் தேவையில்லை. ஆகவே 264இல் குறையும் முதல் யுனிட்டுகள்தான் அதிக காசு மிச்சம் தருபவை.

ஃபிரிட்ஜ் றப்பர் மாற்றியதும் கொம்பிரசர் பாதி நேரம் ஓய்வெடுக்கத் தொடங்கியது, மாதம் 54 யுனிட் குறைந்தது. வாஷரால் 12. அடுத்த பில் 198. இன்னும் 18 யுனிட் அந்த உச்சப் படியில் நிற்கிறது. படுக்கையறை ஃபேன் இரண்டும் பழசு, 75 வோட்ஸ் வீதம், ஒவ்வொன்றும் பத்து மணி நேரம். 30 வோட்ஸில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டர்) ஃபேனாக இரண்டையும் மாற்றினால் மாதம் 27 குறையும். நட்சத்திர லேபிளைப் பார்த்து ஒன்றை வாங்கியாயிற்று. மற்றதை வாங்கச் சம்பளம் வரவேண்டும்.