கோழி நொண்டினால் இந்த ஊசிக்காரரை வீட்டுக்குள் விடாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். "கோழிக்கு எந்த நோய் என்றாலும் வீட்டுக்கே வந்து பார்க்கிறோம்" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரத்தைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டோம். மோட்டார் சைக்கிள், தோளில் ஒரு பை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் கூட இருந்தது. கோழிக்கு அதை எங்கே வைத்துக் கேட்பார் என்று அப்போதே எனக்குச் சிரிப்புத்தான்.

போன மாரியில் எங்கள் வளவில் மூன்று கோழிகள் நொண்டின. ஒன்று நன்றாக முட்டையிடும் பழுப்புக் கோழி, ஒன்று வயசான ஊர்ப்பேடு, மற்றது சந்தையில் குஞ்சாக வாங்கி வளர்த்த இளம் சேவல். வந்தவர் ஒன்றின் பாதத்தையாவது திருப்பிப் பார்க்கவில்லை. தூர நின்று பார்த்துவிட்டு, "இது மழைக்கு வாற மூட்டு வாதம் அக்கா, எல்லாத்துக்கும் ஒரே ஊசிதான், ரெண்டு நாள்ல ஓடித் திரியும்" என்றார். லேபல் இல்லாத குப்பியில் இருந்து மூன்றுக்கும் ஒரே ஊசியால் குத்தினார், ஊசியை மாற்றக்கூட இல்லை. பழுப்புக் கோழியின் பாதம் வீங்கியிருக்கிறதே என்று நான் காட்டிய பிறகு, பையில் இருந்து ஒரு பிளேடை எடுத்துக் கீறி அமுக்கினார். சீழ் வரவில்லை, இரத்தம்தான் வந்தது, கோழி கத்திய கத்து பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "வலி கூடினா டைக்ளோபினாக் குளிசையில பாதியத் தூளாக்கித் தீனில போடுங்க, முட்டை தாராளமாச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு, கோழி ஒன்றுக்கு 1,500 ரூபாய்ப்படி வாங்கிக்கொண்டு போனார். ரசீது கேட்டதற்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார்.

மறுநாள் பழுப்புக் கோழி உண்மையாகவே கொஞ்சம் நடந்தது, ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிறகு பாதம் முன்னையதைவிடப் பெரிதாக வீங்கி, தீனும் எடுக்காமல் மூலையில் குந்திவிட்டது. அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மூன்றையும் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனோம். அங்கிருந்த டொக்டர் அம்மா முதல் செய்த வேலையே ஒவ்வொன்றையும் மடியில் மல்லாத்திக் காலைக் கழுவிப் பார்த்ததுதான். மூன்றுக்கும் மூன்று வேறு நோய்.

பழுப்புக் கோழிக்குப் பாதத்தின் நடுவில் கறுத்த பொருக்கு, அதற்கடியில் சீழ்க்கட்டி. பம்பிள்ஃபுட் என்கிறார்கள். உயரமான தடியில் இருந்து குதிக்கும்போதோ முள், கம்பி குத்தியோ பாதத்தில் சின்னக் காயம் வரும், ஈரமும் எச்சமும் சேர்ந்த தரையில் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி அதற்குள் போய்விடும். எங்கள் மார்கழி மழையில் கூட்டுத் தரை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோழியின் சீழ் நம்முடையதைப் போல வழியாது, கட்டிபட்ட தயிர் மாதிரி இறுகிக் கிடக்கும், அதனால் அமுக்கி வெளியே எடுக்க முடியாது. அமுக்கினால் கிருமி இன்னும் உள்ளே, மூட்டுக்கும் எலும்புக்கும் இறங்கும். ஊசி போட்டதும் நடந்ததற்கு, அந்தக் குப்பியில் ஸ்டெரொய்ட் இருந்திருக்கலாம் என்றார் டொக்டர். அது வீக்கத்தையும் வலியையும் தணிக்கும், கூடவே நோய் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும்.

ஊர்ப்பேட்டுக்கு வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. காலில் செதிள் கிளம்பிச் சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்திருந்ததே, அது செதிளுக்கடியில் துளைத்து வாழும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, கால் முழுக்க வாசலின் தடித்துப் பூசினால் அது மூச்சுமுட்டிச் சாகும். சில வாரம் விடாமல் பூச வேண்டும், தங்கும் தடியையும் சுத்தப்படுத்த வேண்டும், மற்றக் கோழிகளின் காலையும் பார்க்க வேண்டும். ஒரு போத்தல் வாசலினுக்குள் முடிகிற வேலைக்கு 1,500 ரூபாய்!

சேவலின் கதை வேறு. ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. மாரெக் நோயாக இருக்க வேண்டும் என்றார். அது நரம்பைத் தாக்கும் வைரஸ், மருந்தே கிடையாது. தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டும், சந்தைக் குஞ்சுக்கு யார் போடுகிறார்கள்? எந்த ஊசியும் அதைக் காப்பாற்றியிருக்காது என்பது உண்மை, ஆனால் "ரெண்டு நாள்ல ஓடும்" என்று காசு வாங்கினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டைக்ளோபினாக் நல்லவேளை கொடுக்கவில்லை. பறவைகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். மாட்டுக்குக் கொடுத்த இதே மருந்தால், செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் இந்தியாவில் கூட்டமாக அழிந்து, 2006இல் அங்கே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். முட்டை விஷயமும் லேசானதல்ல. மருந்து போட்ட கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்பது மருந்தைப் பொறுத்தது. குப்பியில் லேபலே இல்லாதபோது டொக்டராலும் சொல்ல முடியவில்லை, வந்த முட்டையை எல்லாம் குழி வெட்டிப் புதைத்தோம்.

பழுப்புக் கோழியின் கட்டியை டொக்டர் முறையாகத் திறந்து எடுத்தார். அப்புறம் வீட்டில் உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, ஈரம் துடைத்து, பொவிடோன் அயடின் பூசி, துணி வைத்துக் கட்டினோம். கட்டாயம் கையுறை போடுங்கள், அந்தக் கிருமி நம் கைக் காயத்துக்குள்ளும் போகும். தங்கும் தடியைத் தாழ்வாகக் கட்டி, விளிம்பைத் தேய்த்து உருட்டி, கீழே காய்ந்த உமி போட்டிருக்கிறோம். பேடு சுகம், பழுப்புக் கோழி மெல்ல நடக்கிறது. சேவல் இல்லை.

காசைத் திருப்பிக் கேட்டு அந்த ஊசிக்காரருக்குப் போன் எடுத்தேன். "மாரிக்குக் கோழி சாகிறது வழமைதானே அக்கா" என்று வைத்துவிட்டார், இப்போது என் நம்பரை புளொக் பண்ணியும் விட்டார். விளம்பரம் மட்டும் குழுக்களில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் கால்நடை வைத்தியர் என்பதற்கான பதிவு இலக்கம் கேளுங்கள், குப்பியின் லேபலைப் படம் எடுக்க விடச் சொல்லுங்கள், பாதத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஊசியை எடுத்தால் கேற்றைத் திறந்து வழியனுப்புங்கள்.