பிக்கப் டயர்: பட்டன் ஒரு கணக்கு, விலா ஒரு கணக்கு

டயர் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் முதலில் கைகாட்டுவது பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகளைத்தான். "ஆழத்தைப் பாருங்க அண்ணாச்சி, விரலே உள்ளே போகுது." ஆழம் நல்லதுதான். ஆனால் நம் ஊர்ப் பஞ்சர் கடை வாசலில் ஓரமாகக் கிடக்கும் பிக்கப் டயர்களைப் புரட்டிப் பாருங்கள். பாதிப் பட்டன் மிச்சம் இருக்கும். விலாவில், அதாவது டயரின் பக்கச் சுவரில், இரண்டங்குலக் கிழிசல் இருக்கும். ஆகவே இந்த அலசலில் பட்டனுக்குக் கொஞ்சம் இடம், விலாவுக்கு நிறைய இடம். சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடலாம்: லோடு அடிக்கிற வண்டிக்கு எல்.டி. (சிறு லாரி) வகை ஏ.டி. (எல்லாத் தரைக்குமான) டயர்தான் எங்கள் தேர்வு.

கடையில் கிடைப்பவை மூன்று ரகம். எச்.டி. என்பது தார் ரோட்டுக்கு. எம்.டி. என்பது சேற்றுக்கு. ஏ.டி. இரண்டுக்கும் நடுவே. எம்.டி.யை இங்கேயே கழித்துவிடலாம். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் 80 கிலோமீட்டரில் போனால் காதில் தேனீக் கூடு கட்டியதுபோல இரையும், ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் தள்ளிக்கொண்டு போகும், தேய்மானமும் அதிகம். காட்டு வேலைக்கென்றே தனி வண்டி வைத்திருப்பவருக்கு அது சரி.

எச்.டி.யை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போய்த் திரும்புகிற வண்டிக்கு, நாள் முழுக்கத் தார் ரோடுதான். சத்தம் இல்லை, டீசல் குறைவு, மழையில் பிடிப்பு நன்று, விலையும் குறைவு. தோட்டத்துக்குள் கடைசி அரை கிலோமீட்டர் மண் வழிக்காக ஏ.டி. போடுவது வீண். ஆனால் அந்த அரை கிலோமீட்டர் பதநீர் விழுந்ததுபோல் வழுக்கும் வயல் வரப்பாக இருந்தால், மழைக்காலத்தில் ஏற்றுக்கூலியைவிட டிராக்டர் இழுவைக்கூலி கூடிவிடும்.

ஏ.டி. தன் விலைக்கு உழைப்பது மூன்று இடங்களில். ஒன்று, ராதாபுரம் தாலுகா குவாரிப் பாதை. இரண்டு, பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளுக்குப் போகும் சரள் வழி. மூன்று, இட்டமொழி, திசையன்விளை பக்கத்துத் தேரி எனும் செம்மணல் காடு. மூன்றிலும் கேள்வி வேறுவேறு. தேரியில் பட்டனைவிடக் காற்றளவுதான் வேலை செய்யும். வெறும் வண்டியென்றால் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இறக்கினால் டயர் அகன்று மணல்மேல் மிதக்கும், எச்.டி.கூட ஓரளவு தாண்டிவிடும். தார் ரோடு ஏறுவதற்கு முன் திரும்பக் காற்று ஏற்றியாக வேண்டும், அதனால் வண்டியில் கம்ப்ரசர் இல்லாதவர் இறக்கவே கூடாது. குறைந்த காற்றோடு சித்திரை வெயிலில் வேகமாகப் போனால் விலா மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

கரிசலில் நிலைமை வேறு. கங்கைகொண்டானுக்கு வடக்கே, சங்கரன்கோவில் பக்கம், நனைந்த கரிசல் ஏ.டி. பட்டனின் இடுக்கையெல்லாம் அடைத்து டயரை வழவழ உருளையாக்கிவிடும். அங்கே ஏ.டி.க்கு எச்.டி.யைவிடப் பெரிய மேன்மை இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். அந்த மண்ணில் தினம் ஓட்டுகிறவர் பேச்சுக்கே மதிப்பு.

இனி விலா. ஏ.டி. என்று எழுதியிருந்தாலும் அதற்குள் இரண்டு சாதி உண்டு. ஒன்று காருக்கும் எஸ்.யு.வி.க்கும் செய்தது, மற்றது எல்.டி., அதாவது சிறு லாரி வகை. பட்டன் இரண்டிலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு விலாவில் எழுதியிருப்பதிலும், விரலால் அழுத்தினால் தெரியும் விறைப்பிலும்தான்.

எழுத்தை வாசித்துப் பார்ப்போம். ஒரு கார் வகை டயரில் "235/75 ஆர் 15 105 எஸ்" என்று இருக்கிறது. அதே அளவு எல்.டி. டயரில் "எல்.டி. 235/75 ஆர் 15 104/101 எஸ்" என்று இருக்கிறது. 105 என்பது சுமை எண்; ஒரு டயர் 925 கிலோ தாங்கும் என்று பொருள். 104 என்பது 900 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 101, இரட்டைச் சக்கரமாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 825 கிலோ. எண்ணை மட்டும் பார்த்தால் கார் டயர் ஜெயித்துவிட்டது! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கார் டயரின் 925 கிலோ ஏறத்தாழ 35 பி.எஸ்.ஐ. காற்றில் கிடைப்பது, அதற்கு மேல் காற்று ஏற்றினாலும் தாங்கும் சுமை அதிகமாகாது. அமெரிக்க விதிப்படி அதை லாரி வகை வண்டியில் போட்டால் சுமையை 1.1 ஆல் வகுக்க வேண்டும். அப்போது 840 கிலோதான். எல்.டி.யின் 900 கிலோ 50 பி.எஸ்.ஐ.யில் கிடைப்பது, வகுக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம். முதலாவது, எல்.டி.க்கு மாறிவிட்டுப் பழைய 35 பி.எஸ்.ஐ.யிலேயே ஓட்டினால், புது டயர் பழையதைவிடக் குறைவாகவே தாங்கும். "எல்.டி. போட்டும் ஓரம் தேயுது" என்கிற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இது. இரண்டாவது, பிளை ரேட்டிங். 6 பிளை 50 பி.எஸ்.ஐ. வரை, 8 பிளை 65 வரை, 10 பிளை 80 வரை. உள்ளே அத்தனை அடுக்கு நூல் இருக்கிறது என்று பொருளல்ல. அது பலத்துக்கு வைத்த பெயர். 1.3 டன் லோடு அடிக்கிற வண்டிக்கு 8 பிளை. ரிம் அளவுக்குப் பின்னால் "சி" என்று வருகிற வகையும் இதே இனம்: 205 ஆர் 16 சி 110/108 என்றால் ஒற்றைச் சக்கரத்துக்கு 1,060 கிலோ.

கணக்கு போட்டுப் பாருங்கள். வெறும் வண்டியில் பின் அச்சில் 700 கிலோ என்று வையுங்கள். 1,300 கிலோ ஏற்றினால் பெரும்பகுதி, 1,100 கிலோ போல, பின் அச்சுக்குத்தான் போகும். மொத்தம் 1,800. சுமை எண் 100 உள்ள டயர் 800 கிலோ. இரண்டும் சேர்ந்து 1,600. இருநூறு கிலோ கடன். ரோட்டில் அது உடனே தெரியாது. விலா தினமும் சூடாகி, ஒருநாள் குழியில் இறங்கும்போது நூல் அறுந்து, புறங்கை அளவு வீக்கம் காட்டும். வீங்கிய டயரை ஸ்டெப்னியாகக்கூட வைக்க வேண்டாம்.

குவாரிப் பாதையில் வெட்டு விழுவது எப்படி என்றால், லோடு வண்டியின் டயர் அடியில் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும். சக்கரத் தடத்திலிருந்து மேலேறத் திருப்பும்போது உடைகல்லின் விளிம்பு அந்தப் பிதுக்கத்தில்தான் உரசும். ரேடியல் டயரில் விலா நூல் ஒரு விளிம்புக் கம்பியிலிருந்து மறு விளிம்புக் கம்பி வரை ஓடுகிறது. வெட்டு அதைத் தொட்டுவிட்டால் ஒட்டு நிற்காது, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் மடங்குகிறதே. எல்.டி.யில் விலா ரப்பரும் தடிமன், நூலும் கனம். வெட்டு விழாது என்றில்லை. நூல் வரை போவது குறையும்.

உடைமுள், சீமைக் கருவேல முள் விஷயத்தில் எல்.டி. பெரிதாகக் காப்பாற்றாது. முள் பட்டன் இடுக்கு வழியாக இறங்கி, நுனி உள்ளேயே முறிந்துவிடும். இரண்டு நாளைக்கு ஐந்து பி.எஸ்.ஐ. என்று மெல்ல இறங்கும். வெளியிலிருந்து திரி குத்தி அடைத்தால் முறிந்த நுனி மறுபடி உள்ளே குடையும். டயரைக் கழற்றி, உட்புறத்தைப் பஞ்சால் தடவுங்கள். நார் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். பிடுங்கிவிட்டு உள்ளேயிருந்து பேட்ச் போட வேண்டும்.

எல்.டி. ஏ.டி.யின் குறைகளை மறைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதல் கனம். வெறும் வண்டியில் தூக்கித் தூக்கிப் போடும். டீசலும் கொஞ்சம் கூடும். வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி வண்டியில் குடும்பத்தோடு குற்றாலம் போகிறவருக்குக் கார் வகை ஏ.டி. போதும், எச்.டி.கூடப் போதும். அவர்களுக்கு எல்.டி. தண்டச் செலவு.

பராமரிப்பு இரண்டு வேலை. ஏ.டி. பட்டன் முன் சக்கரத்தில் ரம்பப் பல்போலத் தேயும். உள்ளங்கையால் ஒருபக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் தடவினால் முட்டும். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பின் டயர்களை நேராக முன்னுக்கும், முன் டயர்களைக் குறுக்காகப் பின்னுக்கும் மாற்றுங்கள். விலாவில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் குறுக்கே மாற்றக் கூடாது. இன்னொன்று, வாரம் ஒருமுறை திருப்புளியால் இடுக்கில் மாட்டிய ஜல்லியை எடுப்பது. விட்டால் அது துளைபோட்டுக்கொண்டு எஃகு வலை வரை இறங்கும். தண்ணீர் புகுந்து வலை துருப்பிடிக்கும். ரீட்ரெட் போடக் கொடுக்கும்போது அந்த டயரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அளவு கூட்டும் ஆசை வந்தால், 215/75 ஆர் 15-லிருந்து 235/75-க்குப் போனால் டயர் 30 மில்லிமீட்டர் உயரும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். முழுத் திருப்பில் உள்விளிம்பு உரசுகிறதா என்று லோடோடு பார்க்க வேண்டும். எப்.சி.க்குப் (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் கேள்வி வரலாம்.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை. நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இல்லாவிட்டால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். வாங்கும்போது விலாவில் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 3124 என்றால் 2024-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரம் செய்த டயர். ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள். பெட்டிக்கு அடியில் தொங்கும் அது பெரும்பாலும் வண்டி வந்த நாளிலிருந்து அங்கேயே கிடக்கும், அதில் காற்று இருக்கிறதா என்பது வேறு கேள்வி.